மிட்டாய் ஏன் வேர்க்குது?



இந்த முறை அறிவியல் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு கடல்பாசி மிட்டாய். சிரிக்காதீங்க. இதில் வேதியியல் இருக்கு, இயற்பியல் இருக்கு, எங்க வீட்டுக் கணக்கும் இருக்கு.

கடல்பாசி மிட்டாய் உங்களுக்குத் தெரியும். பல் பட்டால் மெத்துன்னு இருக்கும், மேலே சர்க்கரை நறநறன்னு ஒட்டியிருக்கும். எங்க அம்மா ஐப்பசி மாசம் 120 மிட்டாய் செய்து, ஒரு பாட்டிலில் போட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில் வெள்ளிக்கிழமை கொடுத்தார்கள். ஒன்று ஒரு ரூபாய். முதலுக்கு மகளிர் குழுவில் எடுத்த பணம். திங்கட்கிழமை நான் போனபோது கடைக்கார அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்துக் காட்டினார். ஒரு மிட்டாய்கூட விழவில்லை! எல்லாம் ஒரே கட்டி. அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பாகு. சர்க்கரை போன இடமே தெரியவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிரும்மா" என்றார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. பாட்டிலைக் கழுவியதும் அவர்தான்.

அந்தக் கட்டியை நானும் தம்பியும் ஒரு வாரம் தின்றோம். தம்பிக்கு மட்டும் சந்தோஷம். அம்மா, "மழைக்காலம், காத்து ஈரம், அதான் வேர்த்துருச்சு. தை பொறந்தா பாத்துக்கலாம்" என்றார்கள். அப்பத்தாவும் அதையே சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆனால் அதே கடையில், அதே காற்றில், பக்கத்துப் பாட்டிலில் இருந்த கம்பெனி ஜெல்லி மிட்டாய் மட்டும் காய்ந்தே இருந்ததே, அது எப்படி? இந்தக் கேள்வியோடுதான் அறிவியல் டீச்சரிடம் போனேன்.

டீச்சர் விடை சொல்லவில்லை. "உங்க அம்மா எத்தனை கிராம் தண்ணிக்கு எத்தனை கிராம் சர்க்கரை போடுறாங்க? அடுப்புல இருந்து இறக்கும்போது எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்கு? அதை எழுதிட்டு வா" என்றார்கள். முதல் கேள்விக்கு விடை சுலபம்: கடல்பாசி 10 கிராம், தண்ணீர் 400 மில்லி, சர்க்கரை 250 கிராம். இரண்டாவதுக்கு மீன் விற்கிற அத்தையிடம் தராசு கேட்டேன். மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவித்தான் அடுப்படிக்குள் விட்டார்கள். வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்து எழுதிக்கொண்டோம். அம்மா அதே மாதிரி திரும்பக் காய்ச்சி இறக்கியதும், தராசு மேல் பலகைத் துண்டு வைத்து, அதன் மேல் பாத்திரத்தை வைத்தோம். பலகை எடையும் பாத்திரத்தின் எடையும் கழித்தால் 510 கிராம். அதில் சர்க்கரை 250, கடல்பாசி 10. மீதி 250 கிராமும் தண்ணீர்!

இப்போது பாடத்துக்கு வருவோம். சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். அதற்கு மேல் கரையாது என்ற நிலை வந்தால் அது தெவிட்டிய கரைசல். பத்தாம் வகுப்பு அண்ணன் அக்காமாருக்கு இது 'கரைசல்கள்' பாடத்தில் வரும். அப்படியென்றால் 250 கிராம் தண்ணீர் 500 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். அம்மா போட்டதோ 250தான். ஆக மிட்டாய்க்கு உள்ளே இன்னும் 250 கிராம் சர்க்கரைக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. வெளியே நாங்கள் புரட்டிய சர்க்கரை 100 கிராம்கூட இருக்காது. பசியோடு இருக்கிறவன் சட்டைப் பையில் முறுக்கை வைத்தது மாதிரிதான். மிட்டாய் தன் சட்டையைத் தானே தின்றுவிட்டது.

அதாவது, சர்க்கரை நனைந்தது முதலில் காற்றால் இல்லை. மிட்டாய்க்குள்ளே இருந்த தண்ணீரால். நடு வெயில் காலத்தில் செய்து மூடி வைத்திருந்தாலும் அது நனைந்துதான் இருக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "அப்ப தையில செஞ்சாலும் இதே கதிதானா?" என்றார்கள்.

இங்கே கடல்பாசி பற்றிக் கொஞ்சம் சொல்லணும். கடையில் நார் நாராக வெள்ளையாக விற்கும் பொருளுக்கு அகர் என்று பெயர். சிலர் சைனா கிராஸ் என்பார்கள். புல் இல்லை, சிவப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் கிடைக்கிறது. இதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கரைய வேண்டுமானால் நன்றாகக் கொதிக்கணும். ஆறும்போது 35 முதல் 40 டிகிரி செல்சியஸில் உறையும். உறைந்தபின் திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். அதனால் நம்ம ஊர் வெயிலில் அகர் மிட்டாய் உருகாது. வெளிநாட்டு கம்மி மிட்டாய்களில் போடும் ஜெலட்டின் அப்படி இல்லை, அது நம் உடம்புச் சூட்டிலேயே இளகும். அது மாட்டு, பன்றித் தோல் எலும்புகளிலிருந்து எடுப்பது என்பதால் பலர் வீட்டில் சேர்க்கவும் மாட்டார்கள். அகருக்கு ஒரே குறை, தண்ணீர் நிறைய வைத்து உறைய விட்டால் நாள் ஆக ஆக தானே நீர் விடும்.

சரி, தண்ணீரைக் குறைக்கணும். எப்படி? பால்கோவாவுக்குப் பால் வற்ற வைப்பது போலத்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: முதலிலேயே தண்ணீரைக் குறைத்து வைத்தால் கடல்பாசி கரையாது. சர்க்கரையையும் அவசரப்பட்டுப் போடக்கூடாது, போட்டால் தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும், பாசி திப்பி திப்பியாக நின்றுவிடும். 10 கிராம் பாசியை ஒரு மணி நேரம் ஊற வைத்து, 400 மில்லி தண்ணீரில், ஒரு நார்கூட கண்ணுக்குத் தெரியாத வரை கொதிக்க விடணும். எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது. அதற்கு அப்புறம் சர்க்கரை 400 கிராம். பிறகு கிண்டிக்கொண்டே வற்ற விடணும். கரண்டியிலிருந்து விழும் பாகு கம்பி மாதிரி இழுபடும் வரை. எங்க அப்பத்தா இதை ஒற்றைக் கம்பிப் பதம் என்பார்கள். தராசில் வைத்தால் மொத்தம் 540 கிராம் வந்தது. சர்க்கரை 400, பாசி 10, தண்ணீர் 130. அந்த 130 கிராம் தண்ணீர், ஆறினபின் சுமார் 260 கிராம் சர்க்கரையைத்தான் தாங்கும். உள்ளே இருப்பது 400. இனிமேல் அது வெளிச் சர்க்கரையைத் தின்னாது. தன்னிடம் இருப்பதையே வெளியே தள்ளப் பார்க்கும்.

ஜப்பானில் இதை ஒரு தனி மிட்டாயாகவே செய்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார்கள். பெயர் கோஹகுதோ. அகரும் சர்க்கரையும் காய்ச்சி உறைய வைத்து, துண்டு போட்டு, பல நாள் காற்றில் உலர விடுவார்கள். சர்க்கரையில் புரட்டவே மாட்டார்கள். உள்ளே இருக்கும் சர்க்கரையே மேலே வந்து படிகமாகி, கண்ணாடித் தோல் மாதிரி மொறுமொறுன்னு ஆகிவிடுமாம்.

இவ்வளவு தெரிந்தும் எங்கள் இரண்டாவது தடவை வீணாய்ப் போனது. தப்பு என்னோடது. இனிப்பு திகட்டுதே என்று, கொதிக்கும்போதே எலுமிச்சம்பழம் பிழிந்தேன். மிட்டாய் சரியாக உறையவே இல்லை, விரலில் பிசுபிசுன்னு ஒட்டியது. காரணம் இரண்டு. புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் அகரின் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து போகும், பிடிப்பு போய்விடும். அதோடு சர்க்கரையும் உடையும். நாம் போடும் சர்க்கரை சுக்ரோஸ். அமிலமும் சூடும் சேர்ந்தால் அது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். இதில் ஃப்ரக்டோஸ் பெரிய ஈரம் இழுப்பான்.

எவ்வளவு பெரிய இழுப்பான் என்று பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரம்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் அந்த வரம்பைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். 25 டிகிரியில் சர்க்கரைக்கு அந்த வரம்பு சுமார் 85 சதவீதம். சாப்பாட்டு உப்புக்கு 75. ஃப்ரக்டோஸுக்கு 62தான். மழைக்காலத்தில் வெல்லம் ஏன் கசியுது, அதே பானைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்கண்டு ஏன் கசியலை என்று இப்போது புரியும். வெல்லத்தில் ஏற்கெனவே உடைந்த சர்க்கரை இருக்கு. கல்கண்டு சுத்த சுக்ரோஸ். வெல்லமோ தேனோ சேர்த்து மிட்டாய் செய்தால் உடம்புக்கு நல்லது என்று எங்க சித்தி சொன்னார்கள். இருக்கட்டும், ஆனால் சர்க்கரை மேலே நிற்காது.

எலுமிச்சையை விட வேண்டியதில்லை. அடுப்பை அணைத்து, கொதி அடங்கினபின் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கி உடனே தட்டில் ஊற்றினால் போதும்.

மூன்றாவது தடவை மிட்டாய் அருமையாக வந்தது. அதையும் கெடுத்தோம்! என் தோழி, "மேல புளிப்பா இருந்தா சூப்பரா விக்கும்டி" என்றாள். சர்க்கரையோடு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கலந்து புரட்டினோம். ராத்திரி மூடி வைத்தது காலையில் பளபளன்னு ஈரம். சர்க்கரையின் வரம்பு 85, சிட்ரிக் அமிலத்துக்குச் சுமார் 75. கலந்தால் நடுவில் 80 வரும் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் வரம்பு இரண்டையும் விடக் கீழே இறங்கிவிடுமாம். ஒன்றில் கொஞ்சம் ஈரம் பட்டால் அந்த ஈரத்தில் மற்றதும் கரையும். இரண்டும் கரைந்த நீர் இன்னும் பலமாக ஈரத்தை இழுக்கும்.

இதை நம்பாதவர்களுக்காக நம்ம லேபில் ஒரு சோதனை வைத்தோம். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு கிண்ணம் நிறைய உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு வைத்தோம். இப்படி வைத்தால் மூடிய டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்திலேயே நிற்கும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும். பக்கத்தில் மூன்று சின்ன மூடிகளில் வெறும் சர்க்கரை, எலுமிச்சை உப்பு கலந்த சர்க்கரை, பொடித்த வெல்லம். இரண்டு நாள் கழித்துத் திறந்தோம். வெறும் சர்க்கரை மணல் மாதிரி உதிர்ந்தது. மற்ற இரண்டும் கசிந்திருந்தன. உப்பை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் வைத்த இன்னொரு டப்பாவில் மூன்றுமே கசிந்தன.

அப்போ புளிப்பு மிட்டாய் செய்யவே முடியாதா? கம்பெனிக்காரர்கள் அமிலத்தின் மேல் கொழுப்புப் பூச்சு கொடுத்து, சர்க்கரையைத் தொடாமல் வைக்கிறார்கள். அது நம்ம அடுப்படியில் நடக்காது. புளிப்பு வேண்டுமானால் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வேண்டாம்.

இப்போதுதான் அம்மா சொன்ன காற்றுக்கு வருகிறோம். காற்று குற்றவாளி இல்லை என்று நான் சொல்லவில்லை, இரண்டாவது குற்றவாளி. கடலோர ஊரில் மழைக்காலத்து ஈரப்பதம் என்ன என்று பார்க்க, லேபில் இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றி விசிறினோம். காலை 7 மணிக்கு உலர்ந்தது 27 டிகிரி, ஈரமானது 25.5. அட்டவணையில் பார்த்தால் ஈரப்பதம் சுமார் 89 சதவீதம். மத்தியானம் 1 மணிக்கு 32, 26. அப்போது சுமார் 62. ஒரே நாள், ஒரே திண்ணை! காலையில் சர்க்கரையின் வரம்பைத் தாண்டிவிட்டது, மத்தியானம் நன்றாகக் கீழே இருக்கு.

அதனால் உலர்த்துவதற்கு நேரம் முக்கியம். துண்டு போட்ட மிட்டாயைச் சுளகில் வெள்ளைத் துணி விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, 11 மணியிலிருந்து 4 மணி வரை ஃபேன் காற்றில் வைத்தோம். நடுவில் ஒரு தடவை திருப்பிப் போடணும். 4 மணிக்கு மேல் எடுத்து எவர்சில்வர் டப்பாவில் மூடிவிட்டோம். ராத்திரி முழுக்க ஃபேன் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீங்க. 89 சதவீதக் காற்றை வீச வீச மிட்டாய் திரும்பக் குடிக்கும், கரண்ட் பில்தான் மிச்சம். டப்பாவுக்குள் வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி துணியில் முடிந்து போட்டோம். உப்பு ஜாடியில் அரிசி போடுகிற அதே வித்தைதான். செருப்புப் பெட்டியில் வருகிற மணிப் பொட்டலத்தை எடுத்துப் போடாதீர்கள். அதில் நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், விஷம். சுட்ட சுண்ணாம்புக் கல்லும் ஈரம் இழுக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் பயங்கரமாகச் சூடாகும், கண்ணில் பட்டால் கண் போகும். தின்கிற பொருளுக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

மூன்று மத்தியானம் இப்படிக் காய்ந்தது. தொட்டால் லேசாக ஒட்டணும், விரலில் ஈரம் வரக்கூடாது. அந்தப் பதத்தில்தான் சர்க்கரை. பொடித்த சர்க்கரை வேண்டாம், அது நுணுக்கமாக இருப்பதால் கொஞ்சம் ஈரம் பட்டாலும் முதலில் கரைவது அதுதான். ரேஷன் சர்க்கரை மாதிரி பருமனாக இருந்தால் நல்லது. ரொம்பக் காய்ந்து ஒட்டவில்லை என்றால், கொதிக்கிற தண்ணீர் ஆவியில் ஒரு நொடி காட்டிப் புரட்டலாம். ஆலைகளிலும் நீராவி காட்டித்தான் சர்க்கரை ஒட்டுகிறார்கள். புரட்டினபின் இன்னொரு மத்தியானம் உலர விடணும். இந்தக் கடைசி உலர்த்தலை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள்.

ஃப்ரிட்ஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அத்தை வீட்டில் வைக்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வேர்க்குமே, அதேதான் நடக்கும். சில்லுன்னு இருக்கும் மிட்டாய் நம்ம ஊர்க் காற்றைத் தொட்ட உடனே அதன் மேல் நீர்த்துளி படியும். வைத்தே ஆகணும் என்றால் இறுக்கமான டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் டப்பாவின் சில்லிப்பு முழுசா போகிற வரை மூடியைத் திறக்காதீங்க. அத்தை பையன் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்க மாட்டான், அதனால் நாங்கள் வைக்கவில்லை.

கடைசி சிக்கல் கடைப் பாட்டில். பெரிய பாட்டிலை ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடினால் நூறு தடவை கடல் காற்று உள்ளே போகும். நம்ம இன்டர்வெல் கூட்டம் தெரியும்தானே, மூடியை யார் மூடுகிறார்கள்? எனவே நான்காவது தடவை 120 மிட்டாயையும் நாலு சின்ன ஹார்லிக்ஸ் பாட்டிலில் முப்பது முப்பதாகப் போட்டோம். ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் திறக்கணும். அண்ணாச்சி முதலில், "எனக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்றார். ஒரு பாட்டிலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார், மூன்றை அம்மா வீட்டில் வைத்திருந்தார்கள். கார்த்திகை மாசம் அது, வெளியே மழை கொட்டிக்கொண்டு இருந்தது. மூன்றாம் நாள் நான் போனபோது பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே மிச்சம் இருந்த ஏழு மிட்டாயும் கடகடன்னு உருண்டது. "மத்த பாட்டிலையும் கொண்டு வா" என்றார்.

சர்க்கரை அதிகம் போடுவதால் முன்பைவிடச் செலவு கூடுகிறது. கேஸும் கூடுதல். எவ்வளவு நிற்கிறது என்று அம்மா நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். குழுப் பணத்தில் முதல் தவணை கட்டியாச்சு.

சோதனை டப்பா இரண்டும் லேப் ஜன்னல் ஓரத்தில் இருக்கு, பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கு. டீச்சரிடம் கேட்டுத் திறந்து பார்க்கலாம். தொட்டும் பார்க்கலாம். தின்னக் கூடாது. ஆறாம் வகுப்புத் தம்பிகளுக்குத்தான் சொல்கிறேன், வெல்லப் பொடி ஏற்கெனவே ஒரு தடவை காணாமல் போய்விட்டது.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி